மணலா, குன்றா, பாலைவனமா? காந்தத் தனிமங்களுக்கு இந்தியா எங்கே தோண்டுவது

2025 ஏப்ரல் 4ஆம் தேதி சீனா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழு அரிய மண் தனிமங்களையும் அவை கலந்த காந்தங்களையும் இனி உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது என்பது அதன் சாரம். மே, ஜூன் மாதங்களில் இந்திய வாகன நிறுவனங்கள் கையிருப்பில் இருந்த காந்தங்களை எண்ணி எண்ணிச் செலவழித்தன. மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரிலும் இருக்கிறது அந்தக் காந்தம், காரின் பவர் ஸ்டீயரிங்கிலும் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 26 அன்று மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. ஆண்டுக்கு 6,000 டன் நியோடிமியம் காந்தத்தை உள்நாட்டிலேயே தயாரிப்பதுதான் இலக்கு.

சரி, ஆலையைக் கட்டிவிடலாம். அதில் போடுவதற்கான தாது எங்கிருந்து வரும்? பேசக்கூடிய அளவில் நம்மிடம் மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒன்று, கேரளத்திலிருந்து ஒடிசா வரை கடலோர மணலில் கிடக்கும் மோனசைட் என்ற கனிமம். இரண்டாவது, குஜராத்தின் சோட்டா உதய்பூர் மாவட்டத்தில் இருக்கும் அம்பாடோங்கர் குன்று. மூன்றாவது, ராஜஸ்தானின் பார்மர் பாலைவனப் பக்கம் இருக்கும் சிவானா பாறை வளையம். மூன்றும் மூன்று விதமான நிலவியல். ஒன்றில் செல்லுபடியாகும் கணக்கு இன்னொன்றில் செல்லாது.

பொதுவாக இந்தப் பேச்சு டன் கணக்கில் தொடங்கி டன் கணக்கிலேயே முடிந்துவிடுகிறது. அணுசக்தித் துறையின் கனிம ஆய்வுப் பிரிவு சொல்லும் கணக்குப்படி நாட்டில் 131.5 லட்சம் டன் மோனசைட் இருக்கிறது, அதற்குள் 72.3 லட்சம் டன் அரிய மண் ஆக்சைடு. குஜராத், ராஜஸ்தான் கடும்பாறைகளில் இன்னொரு 12.9 லட்சம் டன். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பட்டியலில் சீனா, பிரேசிலுக்கு அடுத்து மூன்றாவது இடத்தில் நாம் நிற்கிறோம். ஆனால் அதே பட்டியலில் 2024ஆம் ஆண்டு உற்பத்தியைப் பாருங்கள்: சீனா 2,70,000 டன், இந்தியா 2,900 டன். மண்ணுக்குள் கிடப்பதற்கும் கைக்கு வருவதற்கும் நடுவே அவ்வளவு தூரம். அதனால் இருப்பு எவ்வளவு என்ற கேள்வியை நான் கடைசியில்தான் வைப்பேன். முதலில் கேட்க வேண்டியவை வேறு. அந்தத் தாதுவுக்குள் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது? அதைப் பிரித்தெடுக்க யாராவது, எங்காவது, ஆலை அளவில் ஓட்டிக் காட்டிய வழி இருக்கிறதா? தோண்டும்போது அங்கே குடியிருப்பவர்களுக்கு என்ன ஆகும்?

தேவையை முதலில் கணக்கிட்டுக்கொள்வோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் புரியும். நியோடிமியம் காந்தத்தின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் நியோடிமியமும் பிரசியோடிமியமும். அப்படியானால் 6,000 டன் காந்தத்துக்குச் சுமார் 1,800 டன் உலோகம் வேண்டும். ஆக்சைடாகச் சொன்னால் 2,100 டன். இது தவிர, சூடேறும் மோட்டார்களுக்கு டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் சேர்க்க வேண்டும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தத்துக்கு அது தேவையில்லை. மின்வாகன மோட்டாருக்குள் 150 டிகிரி வரை வெப்பம் ஏறும். அப்போதும் காந்தத்தன்மை குறையாமல் இருக்க வேண்டுமென்றால் இந்தக் கனத் தனிமங்கள் இல்லாமல் நடக்காது. சராசரியாக ஒரு சதவீதம் என்று வைத்தால்கூட ஆண்டுக்கு 60 டன். இந்த இரண்டு எண்களையும், 2,100 டன்னையும் 60 டன்னையும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோர மணல்

நாகர்கோவில் பக்கத்து மலைகளும் கேரளத்தின் தென்மலைகளும் பெரும்பாலும் சார்னகைட், கொண்டலைட் வகைப் பாறைகள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்தில் உருமாறியவை. அந்தப் பாறைகளுக்குள் மோனசைட் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடந்தது. மழையும் வெயிலும் பாறையை உதிர்த்தன, வள்ளியாறு போன்ற சிற்றாறுகள் அதை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோயின, பருவமழைக் காலத்து அலை அதைக் கரையில் ஏற்றி இலேசான மணலை மட்டும் திருப்பி இழுத்துக்கொண்டது. சாதாரண மணலின் அடர்த்தி 2.65, மோனசைட்டுடையது 5க்குப் பக்கம். கோடிக்கணக்கான அலைகள் இந்த வித்தியாசத்தை வைத்துச் சலித்ததால்தான் மணவாளக்குறிச்சியில் கரை கறுப்பாக இருக்கிறது. சுரங்கத் தொழிலில் பெரும் செலவு பிடிப்பது பாறையை வெடித்து, உடைத்து, அரைப்பது. இங்கே அந்த வேலை முடிந்தே கிடக்கிறது.

அந்த மணலில் ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட் என்ற டைட்டானியத் தாது. இளஞ்சிவப்பு கார்னெட். நிறமற்று மின்னுவது சிர்கான். இடையிடையே தேன் நிறத்தில் உருண்டையாக இருக்கும் சிறு மணிகள்தான் மோனசைட். ஆலை இவற்றைப் பிரிக்கும் முறை பார்க்கவே அழகானது. முதலில் நீரோடு சேர்த்துச் சுருள் வாய்க்காலில் ஓடவிட்டால் கனமான மணிகள் உள்பக்கம் ஒதுங்கும். காயவைத்த பிறகு காந்தத்தைக் கொண்டுவந்தால் இல்மனைட் ஒட்டிக்கொள்ளும். இன்னும் வலுவான காந்தத்துக்கு மோனசைட் அசையும், சிர்கானும் இன்னொரு டைட்டானியக் கனிமமான ருட்டைலும் அசையாது. உயர் மின்னழுத்தம் கொடுத்தால் மின்சாரம் கடத்தும் ருட்டைல் ஒரு பக்கமும் கடத்தாத சிர்கான் இன்னொரு பக்கமும் விழும். இதுவரை ஒரு சொட்டு ரசாயனம்கூடச் சேர்க்கவில்லை.

இந்த மணலின் வரலாறும் பழையது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அப்போது ஐரோப்பாவுக்கு வேண்டியிருந்தது அதிலுள்ள தோரியம். கேஸ் விளக்கின் மேண்டில் செய்வதற்கு. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே மணவாளக்குறிச்சியில் ஆலை வந்துவிட்டது. மத்திய அரசின் இன்றைய ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் 1950இல் தொடங்கப்பட்டு, 1952இல் ஆலுவாயில் மோனசைட்டை உடைக்க ஆரம்பித்தது. 70 ஆண்டுகளுக்கும் மேலாக நம்மவர்கள் ஓட்டிப் பழகிய முறை இது. பொடியாக அரைத்த மோனசைட்டைக் கொதிக்கும் காஸ்டிக் சோடாவில் வேகவைப்பார்கள். பாஸ்பேட் தனியே கரைந்து போகும், அதையும் விற்கலாம். மிச்சத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பதமாகக் கரைத்தால் அரிய மண் தனிமங்கள் கரைசலுக்குள் வந்துவிடும், தோரியம் கீழே தங்கிவிடும். அப்புறம் வரிசை வரிசையான தொட்டிகளில் கரைப்பான் கொண்டு ஒவ்வொரு தனிமமாகப் பிரிக்க வேண்டும். ஒன்றுபோல இன்னொன்று நடந்துகொள்ளும் தனிமங்கள் என்பதால் இந்தக் கடைசிக் கட்டம் பொறுமையைச் சோதிக்கும்.

ஒரு டன் இந்திய மோனசைட்டில் என்ன இருக்கிறது? சுமாராக 570 கிலோ அரிய மண் ஆக்சைடு. அதில் கிட்டத்தட்ட 260 கிலோ சீரியம், 130 கிலோ லாந்தனம். இரண்டும் உலகச் சந்தையில் மலிந்து கிடப்பவை. காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியமும் பிரசியோடிமியமும் சேர்த்துச் சுமார் 140 கிலோ. டிஸ்ப்ரோசியம் ஒரே ஒரு கிலோ. டெர்பியம் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. கூடவே ஏறக்குறைய 90 கிலோ தோரியம் ஆக்சைடு, கொஞ்சம் யுரேனியம்.

இப்போது 2,100 டன்னை 140 கிலோவால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 15,000 டன் மோனசைட் இருந்தால் 6,000 டன் காந்தத்துக்கான நியோடிமியம் கிடைத்துவிடும். சேதாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். இப்போதைய உற்பத்தியைப் போல மூன்று மடங்குதான் இது. எட்டாத உயரம் இல்லை. 30 ஆண்டுகள் இப்படியே ஓட்டினாலும் செலவாவது 4.5 லட்சம் டன், இருப்பதோ 131.5 லட்சம் டன். ஊருக்கு அடியிலும் காட்டுக்கு அடியிலும் கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள்ளும் சிக்கியிருப்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்தாலே போதும்.

இந்த நல்ல செய்தியோடு மூன்று சிக்கல்களும் சேர்ந்தே வருகின்றன. முதலாவது, அதே 15,000 டன்னிலிருந்து வரும் டிஸ்ப்ரோசியம் 15 டன், டெர்பியம் 5 டன். தேவை 60. மணல் எவ்வளவு தோண்டினாலும் இந்த இடைவெளி அடையாது, ஏனென்றால் அந்த மலைப்பாறைகளுக்குள் கனத் தனிமங்கள் அவ்வளவுதான் இருந்தன.

இரண்டாவது, மோனசைட் தனியாக வருவதில்லை. மணலில் அதன் பங்கு அரை சதவீதம் என்று வைத்தால், 15,000 டன்னுக்கு 30 லட்சம் டன் மணலைப் புரட்ட வேண்டும். அந்தச் செலவைத் தாங்குவது இல்மனைட்டும் சிர்கானும் விற்கும் பணம். டைட்டானியம் சந்தை படுத்தால் மோனசைட்டும் படுத்துவிடும். காந்தத் திட்டம் போடுபவர்கள், டைட்டானியம் போய்ச் சேரும் வெள்ளை பெயின்ட் சந்தையையும் கவனித்தாக வேண்டும்.

மூன்றாவது, தோரியம். 15,000 டன் மோனசைட் என்றால் ஆண்டுக்கு 1,350 டன் தோரியம் ஆக்சைடு. இது எதிர்கால அணு எரிபொருள் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறோம். தோரியத்திலிருந்து உண்டாக்கிய யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்டு கல்பாக்கத்தில் காமினி உலை 1996 முதல் இயங்குகிறது. அதன் திறன் 30 கிலோவாட். எரிபொருளாகப் பயன்படும் காலம் வரும்வரை அத்தனை தோரியத்தையும் பத்திரமாகச் சேமித்து வைத்திருக்க வேண்டும். சேமிப்புக் கிடங்குக்கான செலவை, கண்காணிப்புச் செலவை, இந்தத் திட்டத்தின் கணக்கிலேயே முதல் நாளிலிருந்து எழுதியாக வேண்டும்.

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவின் புக்கிட் மேரா போதும். ஈப்போவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆலை வெள்ளீயச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைத்த மோனசைட்டை 1980களில் உடைத்தது. தோரியக் கழிவைக் கையாண்ட விதத்தை எதிர்த்து ஊர் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992இல் உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. மேல்முறையீட்டில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தும் 1994இல் மூடிவிட்டார்கள். சுத்தம் செய்ய ஆன செலவு பத்து கோடி டாலர் அளவில். தாது நல்ல தாதுதான். கழிவுக்கு வழி வைக்காமல் தொடங்கியதுதான் தவறு.

இனி நம் ஊர். கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டாரத்தில் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். திட்டமிட்டது. 2024 அக்டோபர் 1 அன்று வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று விலக்கு கொடுத்துவிட்டது.

கதிர்வீச்சு பற்றிய மக்களின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடுபவர்களை நான் ஏற்கமாட்டேன். அதே சமயம் உண்மையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடலோரத்திலும் இதே மணல்தான். அங்கே பல ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக இருப்பதால் புற்றுநோய் அதிகம் என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. கதிரியக்க மணிகளை அகற்றினால் கரையில் கதிர்வீச்சு குறையும் என்ற வாதமும் இயற்பியல்படி சரிதான். ஆனால் மக்கள் கேட்பது அது மட்டும் இல்லை. சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேர் வாழும் மாவட்டம். ஏற்கெனவே கடல் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது. மணலை எடுத்த பிறகு அலை எங்கே வந்து நிற்கும், வள்ளம் எங்கே ஏற்றுவது, கிணற்றில் உப்பு ஏறுமா என்று கேட்கிறார்கள். இவற்றுக்குப் பதில் சொல்லும் இடமே கருத்துக்கேட்புக் கூட்டம்தான். அதையே எடுத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் போய்விடுகிறது.

அம்பாடோங்கர் குன்று

இங்கே கதை முற்றிலும் வேறு. சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்து எரிமலைக் குழம்பு பொங்கி அடங்கிய காலத்தில், நர்மதைப் பிளவின் ஓரமாகச் சுண்ணாம்புக் குழம்பு ஒன்று மேலேறி வந்தது. சிலிக்காவுக்குப் பதில் கார்பனேட்டால் ஆன எரிமலைக் குழம்பு. இதற்குக் கார்பனடைட் என்று பெயர். சாதாரணக் கனிமங்களின் படிகக் கூட்டுக்குள் நுழைய முடியாத தனிமங்களெல்லாம் கடைசிவரை குழம்பிலேயே தங்கிக் கடைசியில் உறைந்த பகுதியில் குவிந்தன. அம்பாடோங்கரில் அந்தக் கடைசிப் பகுதி இரும்புச்சத்து மிக்க கார்பனடைட். பாஸ்ட்னசைட், புளோரென்சைட் போன்ற அரிய மண் கனிமங்கள் அதில்தான் இருக்கின்றன. 1963இல் இந்தக் கார்பனடைட் கண்டறியப்பட்டது. பல பத்தாண்டுகளாக அங்கே எடுத்தது புளோரைட். குஜராத் அரசின் கனிம நிறுவனம் பக்கத்தில் கடிபானியில் ஆலை வைத்திருந்தது. இப்போது அதே நிறுவனம் அரிய மண் பக்கம் திரும்பியிருக்கிறது.

கார்பனடைட் என்றாலே முதலீட்டாளர்களுக்குக் கண் விரியும். உலகின் பெரிய சுரங்கங்கள் பலவும் அந்த வகையைச் சேர்ந்தவை. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் இரண்டும் கார்பனடைட்தான். சீனாவின் பயான் ஓபோவையும் பலர் அந்தக் குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். ஆனால் அவற்றின் பலம் கார்பனடைட் என்ற பெயரில் இல்லை. மவுண்டன் பாஸ் தாதுவில் 7 சதவீதத்துக்கும் மேல் அரிய மண் ஆக்சைடு. மவுண்ட் வெல்டில் பாறை லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையில் மட்கி, சுண்ணாம்பு கரைந்து போய், அரிய மண் கனிமங்கள் மேலே செறிந்துவிட்டன. பயான் ஓபோவில் இரும்புத் தாதுவோடு துணைப்பொருளாக வருவதால் தோண்டும் செலவில் ஒரு பெரும் பங்கை இரும்பு ஏற்றுக்கொள்கிறது. அம்பாடோங்கருக்கு இந்த மூன்று வசதிகளில் எதுவும் முழுதாக இல்லை. கனிமங்கள் பொடியாக, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அரைத்தால் தூளாகிவிடும், நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும்போது நிறையக் கைநழுவும். புளோரைட்டை துணைப்பொருளாக எடுக்க முடிந்தால் கணக்கு கொஞ்சம் நேராகும்.

அதன் பெரிய நன்மை தோரியம் குறைவு என்பது. மோனசைட்டோடு ஒப்பிட்டால் கழிவுச் சுமை வேறு தளத்தில் இருக்கிறது. அணுசக்திச் சட்டத்தின் பிடியும் அவ்வளவு இறுகாது. ஆனால் இங்கேயும் குவிந்திருப்பது லாந்தனமும் சீரியமும்தான், மணலைவிடவும் கூடுதலான விகிதத்தில். டிஸ்ப்ரோசியத்துக்கு இந்தக் குன்றை நம்ப முடியாது. சோட்டா உதய்பூர் ராத்வா பழங்குடியினர் வாழும் அட்டவணைப் பகுதி என்பதும் முக்கியம். கிராம சபையைக் கேட்காமல் இங்கே மண்ணைத் தொடக் கூடாது.

மவுண்டன் பாஸின் வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. 1949இல் கண்டுபிடித்த சுரங்கம், ஒரு காலத்தில் உலகுக்கே அரிய மண் கொடுத்தது. கழிவுநீர்க் குழாய் உடைப்புகளும் சீனாவின் மலிவு விலையும் சேர்ந்து 2002இல் மூடவைத்தன. மறுபடி திறந்த நிறுவனம் 2015இல் திவாலானது. 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 40 கோடி டாலர் போட்டு, நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்று பத்தாண்டுகளுக்கு அடிவிலை உறுதி கொடுத்த பிறகுதான், இன்னொரு நிறுவனம் மறுபடி ஓட்டிவந்த அந்தச் சுரங்கத்துக்கு விலை பயம் நீங்கியது. அவ்வளவு செறிவான தாதுவுக்கே அந்த நிலை என்றால், அம்பாடோங்கருக்கு விலை உறுதி இல்லாமல் யாரும் சுரங்கம் திறக்கப் போவதில்லை.

சிவானா வளையம்

சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் ராஜஸ்தானில் வெடித்த எரிமலை ஒன்று தன் மேல்பரப்பு இடிந்து உள்ளே விழுந்து வளையமாக நின்றது. அதன் விளிம்பில் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த கிரானைட். அந்த வகைக் குழம்பில் சிர்கோனியம், நயோபியத்தோடு இட்ரியமும் கனத் தனிமங்களும் கரைந்தே இருந்து கடைசியில் மெல்லிய பாறைச் சுவர்களாக உறையும். பாலோத்ரா மாவட்டம் பாட்டிகேடாவில் அணுக் கனிம ஆய்வுப் பிரிவு 1,11,845 டன் ஆக்சைடு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறது.

மூன்று இடங்களில் டிஸ்ப்ரோசியம் பற்றி நம்பிக்கையோடு பேசக்கூடிய இடம் இது ஒன்றுதான். அதனால்தான் ஆர்வமும் அதிகம். ஆனால் இரண்டாவது கேள்விக்கு, அதாவது ஆலை அளவில் ஓட்டிக் காட்டிய வழி உண்டா என்பதற்கு, இங்கே பதில் சங்கடமானது. இதே வகைப் பாறைகள் கனடாவின் ஸ்ட்ரேஞ்ச் லேக், அலாஸ்காவின் போக்கன் மலை போன்ற இடங்களில் உண்டு. பல ஆண்டுகளாகத் துளையிடுகிறார்கள், அறிக்கை வருகிறது, சுரங்கம் வரவில்லை. காரணம் எளிது. ஒரே பாறையில் பல கனிமங்களில் பிரிந்து கிடக்கிறது அரிய மண். அவற்றில் சில சிலிக்கேட்டுகள். அமிலத்தில் போட்டால் சிலிக்கா கூழாகி வடிகட்டியை அடைத்துவிடும். சிர்கோனியம் கரைசலைக் கெடுக்கும். தோரியமும் யுரேனியமும் இங்கேயும் உண்டு. எல்லாவற்றையும் கழுவ நிறைய நீர் வேண்டும், அதுவோ தார் பாலைவனத்தின் விளிம்பு.

உலகின் டிஸ்ப்ரோசியம் பெரும்பாலும் வேறு வகைத் தாதுவிலிருந்துதான் வருகிறது. தென்சீனத்தின் ஜியாங்ஸியிலும் மியான்மரின் கச்சினிலும் கிரானைட் மட்கிய களிமண்ணில் கனத் தனிமங்கள் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செறிவு 0.1 சதவீதம் அளவுக்குத்தான், ஆனால் அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினால் கழன்று வந்துவிடும். அந்த மலிவுக்குக் கச்சினின் மலைகளும் ஓடைகளும் விலை கொடுத்திருக்கின்றன. அந்தச் சந்தையோடு சிவானா பாறை போட்டி போட வேண்டும்.

அப்படியானால் எது

என் முடிவு இது. அடுத்த பத்தாண்டுகளுக்குத் தாதுப் பணம் மோனசைட்டுக்குப் போகட்டும். அதிலும் ஒடிசாவின் சத்ரபூருக்கும் ஆந்திரக் கரைக்கும் முதலில். மோனசைட் இருப்பில் ஆந்திரா முதல் இடம், ஒடிசா இரண்டாம் இடம், சுமார் 25 லட்சம் டன்னோடு தமிழ்நாடு மூன்றாம் இடம். 30 ஆண்டுகளுக்கு 4.5 லட்சம் டன் போதும் என்னும்போது, நாட்டிலேயே நெருக்கமான கடலோரங்களில் ஒன்றான கன்னியாகுமரியில் புதிதாக 1,144 ஹெக்டேரை அவசரமாகத் திறக்க நிலவியல் காரணம் எதுவும் இல்லை. மணவாளக்குறிச்சியில் ஏற்கெனவே நடக்கும் வேலை நடக்கட்டும். புதிய பகுதி வேண்டுமென்றால், கதிர்வீச்சு, நிலத்தடி நீர், கரை அரிப்பு மூன்றையும் வெளியார் அளந்த கணக்கைத் தமிழில் வெளியிட்டு, விலக்கு இருந்தாலும் கருத்துக்கேட்புக் கூட்டத்தை நடத்தி, அதற்கப்புறம் பேச வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலிலும் மோனசைட் உண்டு. குடியிருப்பு குறைவு என்பதால் அது எளிது என்று தோன்றும். மழைநீரை உறிஞ்சி நிலத்தடியில் தேக்கிக் கொடுப்பதே அந்தச் செம்மணல்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் தாதுவைவிட அவசரமானது அதற்கு அடுத்த படிகள். இதுவரை நம் ஊர் நியோடிமியம் ஜப்பானுக்குப் போனது, ஏனென்றால் அதை உலோகமாக்கிக் காந்தமாக்க இங்கே ஆலை இல்லை. 2025 ஜூனில்தான் அந்த ஏற்றுமதியை நிறுத்திவைக்கச் சொல்லி அரசு கேட்டுக்கொண்டதாகச் செய்தி வந்தது. கையில் இருந்த 2,900 டன்னையே பயன்படுத்தத் தெரியாமல் இருந்தோம் என்பதுதான் அதன் பொருள். போதுமான பிரிப்பு ஆலையும் உலோக உருக்காலையும் இல்லாமல் நான்காவது, ஐந்தாவது சுரங்கம் திறந்து என்ன பயன்?

டிஸ்ப்ரோசிய இடைவெளிக்கு ஜப்பான் காட்டிய வழி இருக்கிறது. 2010இல் சீனா அவர்களுக்கு ஏற்றுமதியை நிறுத்தியபோது, அவர்கள் மலையைக் குடைய ஓடவில்லை. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனத்தில் 25 கோடி டாலர் போட்டார்கள். காந்தம் முழுதும் டிஸ்ப்ரோசியத்தைக் கலக்காமல், அதன் நுண்மணிகளின் விளிம்பில் மட்டும் ஊடுருவச் செய்யும் முறையைக் கொண்டு தேவையையே குறைக்கப் பார்த்தார்கள். சீனாவைச் சார்ந்திருந்த 90 சதவீதம் 60 சதவீத அளவுக்குக் குறைந்தது. 2025 மே மாதம் அதே லைனஸ் மலேசியாவில் டிஸ்ப்ரோசியத்தைப் பிரித்துக் காட்டியது. நாமும் ஒப்பந்தம் போட்டு வாங்கலாம், ஓரிரு ஆண்டுக்கான கையிருப்பைச் சேர்க்கலாம், பழைய மோட்டார்களிலிருந்து மீட்கலாம். மோனசைட்டின் 15 டன் டிஸ்ப்ரோசியத்தோடு இவையும் சேர்ந்தால் 60 டன் என்பது பயமுறுத்தும் எண்ணாக இருக்காது.

அம்பாடோங்கரை இரண்டாவதாக வைக்கிறேன். இப்போதைக்கு அங்கே சுரங்கம் வேண்டாம், நாளுக்குச் சில டன் தாதுவை ஓட்டிப் பார்க்கும் முன்னோடி ஆலை போதும். தோரியச் சுமை ஒரு நாள் கடலோரத்தில் தாங்க முடியாமல் போனால் கைகொடுக்க அந்தக் குன்று தயாராக இருக்க வேண்டும். சிவானாவுக்கு ஆய்வகப் பணம் கொடுக்கலாம், துளையிட்டுக்கொண்டே இருக்கலாம். சுரங்கத்துக்கு ஏலம் விட்டுத் தனியாரிடம் கொடுத்துவிட்டு எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இந்த வரிசையை மாற்றிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறேன், இரண்டு விஷயம் நடந்தால். அம்பாடோங்கர் தாதுவிலிருந்து அரிய மண்ணில் முக்கால் பங்கையாவது நுரைமிதப்பில் மீட்க முடியும் என்று முன்னோடி ஆலை ஒன்று தொடர்ந்து ஓராண்டு ஓடிக் காட்டினால், அதை மோனசைட்டுக்கு இணையாக ஏற்றிவிடுவேன். சிவானாப் பாறையில் கனத் தனிமங்களைத் தாங்கிய கனிமத்தை மட்டும் தனியே ஒதுக்க ஒரு வழி, பாலைவனத்து நீர்க் கணக்குக்குள் அடங்கும் வழி கிடைத்தால், டிஸ்ப்ரோசியத்துக்காக மட்டுமாவது அங்கே ஒரு சிறு சுரங்கம் திறக்கலாம் என்பேன்.